கடிக்காத நாய்

எங்கள் வீட்டுக் கேட்டில் வெகு நாட்களாக ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. 'நாய்கள் ஜாக்கிரதை' என்று அதில் எழுதியிருக்கும். உண்மையில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நாய்தான். ஆனால் கடையில் விற்கும் பலகைகளில் நாய் எப்போதும் பன்மையில்தான் இருக்கிறது. நாங்களும் அதை மாற்ற விரும்பவில்லை. திருடன் வந்தால் இரண்டு மூன்று இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகட்டுமே!

அந்தப் பலகைக்கு அருகிலேயே நின்றுகொண்டு, வருகிற விருந்தாளிகளிடம் நாங்கள் சொல்கிற வாசகம் வேறு. "பயப்படாதீங்க, உள்ளே வாங்க. டைகர் ஒண்ணும் செய்ய மாட்டான்."

இரண்டு வாசகங்களில் ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். எது பொய் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கும்படி செய்தது ஒரு பத்து வயதுச் சிறுமியின் கெண்டைக்கால்.

எங்கள் தெருக்கோடியில், வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி வைத்து ஒருவர் இஸ்திரி போடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மகள்தான் துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு ஞாயிறு மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் துணி. கேட்டை முழங்காலால் தள்ளித் திறந்திருக்கிறாள். டைகர் திண்ணையில் படுத்திருந்தது. அதை அன்று யாரும் கட்டவில்லை. குழந்தையின் அலறல் கேட்டு நான் வெளியே ஓடினேன். மடிப்புக் கலையாத என் சட்டைகள் தரையில் கிடந்தன. அவற்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'ஐயோ' அல்ல. "கேட்டை யார் திறக்கச் சொன்னது?" என்பதுதான்.

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

என் மனைவி என்னைவிடத் தெளிவாக இருந்தாள். குழந்தையைத் தூக்கிப் போய்க் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினாள். கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தாளாம். அக்கம்பக்கத்தார் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்கள். மிளகாய்த்தூள் அப்பச் சொன்னார்கள். அவள் யாரையும் கிட்டே விடவில்லை. நான்கு பல் தடங்கள், இரண்டு ஆழமானவை.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை தகப்பனார் மடியில் இருந்தாள். நான் மனத்துக்குள் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டைகருக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அதற்கென்று ஓர் அட்டை உண்டு. அந்த அட்டையின்படி தேதி கடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மனைவி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று இரண்டு தடவையும் நான் சொன்னேன்.

"வீட்டு நாயா, தெரு நாயா?" என்று கேட்டார் டாக்டர் அம்மாள்.

"வீட்டு நாய்ங்கம்மா."

"தடுப்பூசி போட்ட நாயா?"

இஸ்திரிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், அல்லது நான் வாய் திறக்க மாட்டேன் என்பதற்கு முன்பாகவே, அவரே எனக்காகப் பதில் சொல்லிவிட்டார்: "பெரிய வீட்டு நாய்ங்க. போட்டிருப்பாங்க."

நான் பேசாமல் நின்றேன்.

டாக்டர் தலை நிமிராமலே, "போட்டிருந்தாலும் நாங்க எல்லாம் போட்டுத்தான் அனுப்புவோம்" என்றார். கையில் ஊசி போட்டார்கள். ஆழமான காயங்களைச் சுற்றி வேறொரு மருந்தை ஏற்றினார்கள். அப்போதுதான் அவள் அதிகமாக அழுதாள். என் மௌனத்தால் அவளுக்கு மருந்து ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அந்த நன்மை டாக்டர் செய்தது. நான் செய்தது அல்ல.

வெறிநாய்க்கடி நோய் என்றால் என்ன என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைத்தவர் கிடையாது. 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம், லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். அதன் பிறகுதான் உலகத்துக்கு ஒரு வழி பிறந்தது. 1907-ல் நம் குன்னூரிலும் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. எங்கள் சின்ன வயதில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தடவை போனால் போதும். காசு கிடையாது. ஆனால் இஸ்திரி வண்டிக்கு நான்கு நாள் பாதி வேலை போய்விடுகிறது. அதை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தருவதில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாக இருந்தால், கடித்த சமயத்தில் அதற்கு நோய் இல்லை என்று அர்த்தம். அந்தப் பத்து நாளும் நான் ஒரு நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தண்ணீர் குடித்தால் மனம் குளிர்ந்தது. சோற்றில் பாதியை வைத்துவிட்டால் வயிற்றைக் கலக்கியது.

இரண்டாம் நாள் என் நண்பரான வக்கீலிடம் போனேன். எதற்காகப் போனேன் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தைக்கு என்ன செய்யலாம் என்று கேட்கப் போகவில்லை. எனக்கு என்ன வரும் என்று கேட்கத்தான் போனேன்.

"இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கா?" என்றார்.

"இல்லை."

"அப்ப நல்லது. பலகை மாட்டியிருக்கியா?"

"மாட்டியிருக்கேன்."

அவர் சிரித்தார். "அது ரெண்டு பக்கமும் வெட்டும். 'நான் எச்சரிக்கை செய்தேன்' என்று நீ சொல்லலாம். 'கடிக்கும் என்று தெரிந்துதானே பலகை மாட்டினாய்?' என்று எதிர்த்தரப்பு கேட்கலாம்."

அவர் விளக்கியதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1860-ல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289 என்று ஒரு பிரிவு இருந்தது. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டைத் தெரிந்தோ அசட்டையாலோ செய்யாமல் விடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு வந்திருக்கிறது. சிறைக் காலம் மாறவில்லை. அபராதம் மட்டும் ஐயாயிரமாக உயர்ந்திருக்கிறது. இந்தப் பிரிவில் ஒரு நுட்பம் உண்டு. நாய் கடித்த பிறகு பிறக்கிற குற்றம் அல்ல அது. ஏற்பாடு செய்யாமல் விட்டதே குற்றம்.

நஷ்ட ஈடு கேட்கிற வழக்கு வேறு. அதில் நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் பழைய வழியிலேயே நடந்து வந்திருக்கின்றன. அந்த வழியில் கேட்கப்படுகிற பெரிய கேள்வி, 'அந்த நாய்க்கு அப்படிப்பட்ட குணம் உண்டு என்று உனக்குத் தெரியுமா?' என்பது. இதனால்தான் 'ஒவ்வொரு நாய்க்கும் முதல் கடி இலவசம்' என்று ஒரு வேடிக்கைப் பேச்சு அங்கே வழங்கியது.

இந்தக் கேள்வி இங்கிலாந்தில் பிறந்ததும் அல்ல. பாக்தாத் நகரத்துக்கு அருகே 1945-லும் 1947-லும் களிமண் பலகைகள் கிடைத்தன. எஷ்னுன்னா என்ற பண்டைய நாட்டின் சட்டங்கள் அவற்றில் இருந்தன. ஏறக்குறைய மூவாயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழமை. அதிலே நாய்க்கென்று ஒரு விதி: நாய் வெறி கொண்டிருக்கிறது என்று அதிகாரிகள் சொந்தக்காரனிடம் அறிவித்திருந்தும் அவன் அதைக் காவலில் வைக்காமல், அது ஒரு மனிதனைக் கடித்து அவன் இறந்தால், நாற்பது ஷெக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும். இறந்தவன் அடிமையானால் பதினைந்து ஷெக்கல் போதும். அறிவித்த பிறகுதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பும் கடிபட்டவன் யார் என்பதைப் பொறுத்தது!

அடிமைக்கு ஒரு விலை, மற்றவனுக்கு ஒரு விலை என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உடனே இன்னொரு ஞாபகமும் வந்தது. அன்று இரவு இஸ்திரிக்காரரிடம் இரண்டாயிரம் ரூபாய் நீட்டினேன். அவர் ஐந்நூறை மட்டும் ஆட்டோச் செலவுக்கென்று எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். தெரு நாய் முதலியவற்றால் கடிபட்டவர்களுக்கு அரசு கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு பற்றி 2023-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது பத்தாயிரம் ரூபாய் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் அந்தச் சின்னக் காலுக்கு நாற்பதாயிரம். எதிர்வீட்டு எஞ்சினீயரின் மகளாக இருந்தால் நான் இரண்டாயிரத்தை நீட்டியிருப்பேனா? 'கேட்டை யார் திறக்கச் சொன்னது?' என்று கேட்டிருப்பேனா? எஷ்னுன்னாக்காரன் களிமண்ணில் பகிரங்கமாக எழுதி வைத்தான். நான் என் மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

'இதற்கு முன் யாரையும் கடித்ததில்லை' என்று வக்கீலிடம் நான் சொன்னது பொய் அல்ல. ஆனால் உண்மையும் அல்ல. அதற்கு முந்தைய வருஷம், கூரியர் கொண்டுவந்த பையனின் கால்சட்டையை டைகர் கவ்வி இழுத்தது. பையன் பையைப் போட்டுவிட்டு மதில் மேல் ஏறிக்கொண்டான். ஒரு மாதம் வரையில் இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவன் மதிலில் தொற்றிக்கொண்டிருந்ததை நான் நடித்தே காட்டுவேன். எங்கள் வீட்டில் அது ஓர் எச்சரிக்கையாகப் பதிவாகவில்லை. ஒரு நகைச்சுவைக் கதையாகப் பதிவாயிற்று.

'தெரியாது' என்று மனிதன் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அறியாமை தானாக வந்து சேர்வதில்லை. நாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்துச் சேர்த்து வைக்கிறோம். தெரிய வேண்டியதைச் சிரிப்பாக மாற்றிவிடுகிறோம். அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். பிறகு நெஞ்சில் கை வைத்து, 'சத்தியமாய் எனக்குத் தெரியாது' என்கிறோம். அந்தச் சத்தியத்தில் பொய் இல்லை. அதுதான் பயங்கரம்.

இந்த அறியாமையின் செலவை யார் கொடுக்கிறார்கள்? நம் வீட்டுக் கேட்டைத் திறக்கிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்கள் வந்தால் போன் செய்துவிட்டு வருவார்கள். நாயைக் கட்டிவிட்டுக் காத்திருப்போம். சொல்லாமல் வருகிறவர்கள் தபால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், பால் போடுகிறவர், வேலைக்கு வருகிற அம்மாள், இஸ்திரித் துணி கொண்டுவருகிற குழந்தை. இவர்கள் வராமல் இருக்க முடியாது. நமக்காகத்தான் வருகிறார்கள். பலகையைப் படித்துவிட்டு, 'சரி, ஆபத்து' என்று திரும்பிப் போகிற சுதந்திரம் இவர்களில் யாருக்கு இருக்கிறது?

சில நாட்டுச் சட்டங்கள் இந்த இடத்தைத் தொட்டிருக்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியாவில், பொது இடத்திலோ, முறைப்படி வந்திருக்கிற தனியார் இடத்திலோ ஒருவரை நாய் கடித்தால், அதன் குணம் உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்பதில்லை. சொந்தக்காரர் நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும். முறைப்படி வருகிறவர்களில் தபால் கடமையாக வருகிறவரையும் அந்தச் சட்டம் மறவாமல் சேர்த்திருக்கிறது. ஜெர்மன் சிவில் சட்டம் இன்னும் ஒரு படி யோசித்திருக்கிறது. பிழைப்புக்காகவும் தொழிலுக்காகவும் வளர்க்கிற வீட்டு விலங்கு தீங்கு செய்தால், தக்க கவனத்தோடுதான் இருந்தேன் என்று நிரூபித்து உடையவன் தப்பலாம். 1908-ல் இந்தச் சலுகையைச் சேர்த்தார்கள். ஆனால் ஆசைக்காக வளர்க்கிற விலங்குக்கு அந்த வழியும் இல்லை. எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு உடையவனுடையதுதான். ஆட்டுக் கிடைக்குக் காவல் வைத்த நாய்க்கும் என் திண்ணையில் படுத்திருந்த நாய்க்கும் உள்ள பேதத்தை அந்தச் சட்டம் கண்டிருக்கிறது. அன்பு செய்கிற சுகம் உனக்கு. அந்தச் சுகத்தால் வருகிற கடி மட்டும் இன்னொருவனுக்கா என்று அது கேட்கிறது.

நமக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாத வீடு இல்லை. இளவரசன் வேண்டுமென்று தேரைக் கன்றின் மேல் ஓட்டவில்லை. துள்ளி வந்த கன்று சக்கரத்தில் விழுந்தது. 'தெரியாது' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்களும் சொன்னார்கள். அரசன் மகனுக்கு விதித்த தண்டனையை இன்று நம்மில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம், ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஆனால் அந்தக் கதையில் எனக்கு இப்போது பெரிதாகப் படுவது தண்டனை அல்ல. பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தபோது, 'கன்றை ஏன் தெருவில் விட்டாய்?' என்று அரசன் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். என்னைப் போன்ற ஒருவன் அந்தச் சிம்மாசனத்தில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பான்.

டைகர் பத்து நாளும் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் காலையில் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'அப்பாடா, ஒன்றும் இல்லை' என்று மனம் சொல்லிற்று. இனி அந்த அட்டையைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றும் சொல்லிற்று. அந்த வாரமே டைகருக்கு ஊசி போட்டாயிற்று; அட்டையில் புதுத் தேதியும் ஏறிவிட்டது.

நான்கு தடவையும் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். மூன்று தடவை வாய் வரவில்லை. இருபத்தெட்டாம் நாள், கடைசி ஊசிக்காக வரிசையில் நிற்கும்போது, குழந்தை கொஞ்சம் தள்ளிப் போய் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். டாக்டரம்மா கேட்டாங்களே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வரிசை நகர்ந்தது. அவர் தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னார்: "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார். ராத்திரி தூங்காது."

அந்த இடத்திலும் அவர் தம் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் நின்றபோது என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

வழக்கு ஏதும் வரவில்லை. "வந்திருந்தாலும் சமாளித்திருக்கலாம்" என்கிறார் என் வக்கீல் நண்பர். இருக்கலாம். கேட்டைத் திறந்தது அவள், பலகை இருந்தது, முன்பு கடித்த சரித்திரம் இல்லை. வரிசையாக எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றத்தில் நான் ஜெயித்திருக்கக்கூடும். ஆனால் அந்த ஜெயத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடி வழியாகத்தானே நான் தினமும் நடந்து போக வேண்டும்?

சட்டம் 'போதிய ஏற்பாடு' என்கிறதே, அது எவ்வளவு பெரிய காரியம் என்றும் பார்த்துவிட்டேன். கேட்டுக்கு வெளிப்புறம் ஒரு அழைப்பு மணி. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கொல்லைப்புறத்தில் நாய்க்கு ஒரு நீளமான சங்கிலி. மூன்றும் சேர்த்து என் ஒரு மாதத்துக் காப்பிச் செலவு ஆகவில்லை. 'நாய்கள் ஜாக்கிரதை'ப் பலகையைக் கழற்றிவிட்டேன். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது வருகிறவர்கள் அல்ல என்று தெரிந்த பிறகு அது எதற்கு?

அந்தக் குழந்தை ஒரு மாதம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. இப்போது மீண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். மணியை அடித்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்கிறாள். "டைகரைக் கட்டியிருக்கு, பயப்படாதே" என்று நான் சொல்வதில்லை. அந்த வாசகத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். நான்தான் கேட்டைத் திறந்துகொண்டு, தெருவைக் கடந்து போய்த் துணிகளை வாங்கி வருகிறேன்.